கொம்பு தனி, கால் தனி

மார்ச் 3, செவ்வாய்

வாய்மூடி இருந்தது போதும். ஏழு வருடம் இருந்தாயிற்று. இனி தேதி போட்டு எழுதிவைக்கப் போகிறேன். ஒருநாள் இதை அப்படியே வெளியிடுவேன், கீழே என் முழுப்பெயரோடு, தலைப்பெழுத்து உட்பட.

காலையில் முன்னுரை என் மேசைக்கு வந்தான். எங்கள் துறைத்தலைவன். எந்தக் கூட்டத்தையும் பத்து நிமிடம் தொடங்கிவைத்துவிட்டு நழுவிவிடுவதால் நான் அவனுக்கு வைத்த பெயர் அது. என்னைவிட ஒன்பது வயது சின்னவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் வகுப்பெடுக்கக் கற்றுக்கொண்டான். அண்ணே என்று கூப்பிடுவான். கூப்பிட்டுக்கொண்டே பிடுங்குவான்.

"அண்ணே, இருபத்தஞ்சாம் தேதி நம்ம சாஃப்ட்வேரப் பத்திப் பேசுறேன். வெளியில இருந்து நாலஞ்சு நிறுவனம், தலைமை அலுவலகத்துல இருந்தும் வராங்க. ஸ்லைடு மட்டும் நீங்க போட்டுக் குடுத்துடுங்க."

நம்ம. அந்த மூன்றெழுத்தில் என் ஏழு வருடம் போய்விட்டது.

மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர்களுக்குப் பயிற்சி தருவது எங்கள் வேலை. நாற்பது பயிற்றுநர்கள். ஒரு காலத்தில் பாதி நேரம் ஸ்லைடில் அம்புக்குறி நகர்த்துவதிலேயே கழியும். நான்தான் ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்து அந்த மென்பொருளை எழுதினேன். வெறும் எழுத்தாக அடித்தால் போதும். மூன்று கோடு போட்டால் அடுத்த ஸ்லைடு. வரியின் முன்னால் # என்ற சதுரக்குறி போட்டால் தலைப்பு. "சொல்:" என்று ஆரம்பித்தால் அது பேசுகிறவருக்கான குறிப்பு. அவர் லேப்டாப்பில் மட்டும் தெரியும், திரைக்குப் போகாது. பிரவுசரில் திறந்தால் பேச்சு தயார். இன்று ஐம்பது நிறுவனங்கள் எங்கள் இணையப் பக்கத்திலிருந்து இறக்கிப் பயன்படுத்துகின்றன. அந்தப் பக்கத்தில் "உருவாக்கம்" என்ற இடத்தில் இருப்பது துறையின் பெயர். துறை என்றால் யார்? தலைவன்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 5, வியாழன்

எல்லாவற்றையும் எழுதுவதென்றால் இதையும் எழுதத்தான் வேண்டும்.

எதிர்மேசையில் ஒரு பெண் இருக்கிறாள். முப்பத்துநான்கு வயது இருக்கும். டயாலிசிஸ் இயந்திர வகுப்புகள் அவளுடையவை. ஒப்பந்த ஊழியர், இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. பேச்சு திக்கும். சில எழுத்துகளில் சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் வரிவரியாகக் குறிப்பு எழுதிக்கொண்டுதான் வகுப்புக்குப் போவாள். என் மென்பொருளை அவள் அளவுக்கு நம்பியவர்கள் கிடையாது.

இரண்டு வருடம் முன்னால் ஒரு வகுப்பில் அவள் குறிப்புகள் திரையில் வந்துவிட்டன. முப்பது பேர் படித்தார்கள்: "இங்கே மூச்சு விடு. 'ப' வருகிறது, பயப்படாதே. திக்கினால் தண்ணீர் குடி." பின்வரிசையில் ஒருவன் கேட்டானாம், "மேடம், தண்ணி எடுத்துட்டு வரவா?"

அன்று மாலை என் மேசையருகே வந்து நின்றாள். சிரித்த முகம்தான். "சார், எல்லார் சொல்லும் உள்ள இருக்கு. என் சொல்லு மட்டும் வெளிய வருது."

நாற்பது நிமிடத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தேன். "சொ" என்ற எழுத்தைக் கணினிக்குள் இரண்டு விதமாக வைக்கலாம். கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக வைப்பது ஒன்று. கொம்பு தனியாக, கால் தனியாக வைப்பது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். கணினிக்கு வேறு வேறு. அன்று அவள் குறிப்பு அடித்த பழைய லேப்டாப் தனித்தனியாகத் தட்டுகிறது. என் மென்பொருளோ சேர்ந்திருப்பதை மட்டும்தான் "சொல்" என்று ஒப்புக்கொள்ளும். மற்றதைச் சாதாரண வரி என்று நினைத்துத் திரைக்கு அனுப்பிவிடும்.

ஒரே ஒரு வரியில் சரிசெய்துவிடலாம். அன்றே எழுதியும் விட்டேன்.

வெளியிடவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் முன்னுரை ஒரு கருத்தரங்கில் விருதுப் பலகையை வாங்கிக்கொண்டு வந்து தன் அறையில் மாட்டியிருந்தான். அவன் பலகைக்கு நான் ஏன் பாலிஷ் போட வேண்டும்? அவளிடம், "என் பழைய ஃபைல்ல இருந்து அந்த வார்த்தைய காப்பி பண்ணிக்கோங்க, சரியா வரும்" என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

தப்பா? அவளுக்கு வழி சொல்லிவிட்டேனே.

மார்ச் 6, வெள்ளி

முன்னுரை மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறான். என் பெயரில் வரும் வல்லின "ற"வை இடையின "ர" ஆக்கியிருக்கிறான். பத்தொன்பது வருடப் பழக்கம்.

மார்ச் 11, புதன்

ஸ்லைடு முடிந்துவிட்டது. பதினாறு. நன்றாகவே வந்திருக்கிறது, அதுதான் எரிச்சல்.

மதிய உணவு நேரத்தில் அறை காலியாக இருந்தது. ஒன்பதாவது ஸ்லைடைத் திறந்தேன். "எப்படி உருவானது" என்பது அதன் தலைப்பு. அதன் கீழே "சொல்:" என்று அடித்தேன் — கொம்பு தனி, கால் தனி. பிறகு எழுதினேன்:

"இந்த மென்பொருளில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. எழுதியவர் இந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் வேலையை என் வேலை என்று சொல்லித்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன்."

கோப்பில் பார்த்தால் மற்றக் குறிப்புகளைப் போலவே இருக்கிறது. ஆனால் பேசும்போது ஒன்பதாவது ஸ்லைடு வந்ததும் இந்த மூன்று வரியும் சுவர் அளவுக்குத் திரையில் நிற்கும். அவன் முதுகுப் பக்கம். எல்லாரும் படித்து முடித்த பிறகுதான் அவன் திரும்பிப் பார்ப்பான். முன்கூட்டித் திறந்து பார்க்கிற ஆள் இல்லை அவன். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட ஒத்திகை பார்த்ததில்லை. கேட்டால், மென்பொருள் கோளாறு. கோளாறு இருப்பதும் உண்மை. நான் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

கோப்பை மூடிவிட்டு ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தேன். சந்தோஷம் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 14, சனி

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். யாருக்கு என்ன மருந்து என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன, மூணு நாளா பாட்டெல்லாம் முணுமுணுக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"யாரையோ மாட்டிவிடப் போறீங்க."

"எப்படிச் சொல்ற?"

"உங்க அண்ணன் கல்யாண அழைப்பிதழ்ல உங்க பேரு விட்டுப்போச்சுன்னு, அவரு வீடு கட்டுனப்போ பூட்ட எல்லாம் தலைகீழா மாட்டச் சொல்லிட்டு வந்தீங்களே. அந்த வாரமும் இதே பாட்டுதான்."

"அது தச்சன் பண்ண தப்பு."

"ஆமா. எப்பவும் தப்பு யாரோ பண்ணதுதான். நீங்க பக்கத்துல நிப்பீங்க, அவ்வளவுதான்."

சட்டையை உதறி மடித்தாள். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

எல்லாம் கெட்டுவிட்டது.

நான்கு மணிக்குக் கூட்டம். முன்னுரை வழக்கம்போலத் தொடங்கிவைத்தான். "இருபத்தஞ்சாம் தேதி நிகழ்ச்சியில நான் ஒரு அஞ்சு நிமிஷம் முன்னுரை மாதிரி சொல்லிட்டு உக்காந்துடுறேன். பேச்ச இவங்க பேசட்டும்" என்று எதிர்மேசையைக் காட்டினான். "தலைமை அலுவலகத்து மேடம் வராங்க. நிரந்தரமாக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ பேச்சக் கேக்கணுங்கிறாங்க. ஒரே கல்லு, ரெண்டு மாங்கா."

எதிர்மேசையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. இருந்தாலும் தலையாட்டினாள். வெளியே வந்ததும் என்னிடம், "ஸ்லைடு நீங்க போட்டதுன்னாங்க. அதான் சார் கொஞ்சம் தைரியமா இருக்கு" என்றாள்.

நினைத்துப் பார்க்கிறேன். ஒன்பதாவது ஸ்லைடு. அவள் பின்னால் சுவர் அளவுக்கு: "ஒரு வரிகூட நான் எழுதவில்லை... என் வேலை என்று சொல்லித்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன்." முன்வரிசையில் தலைமை அலுவலகத்து அம்மா. திரும்பிப் பார்க்கிறாள். வாய் திறக்கிறாள். சொல் நின்றுவிடுகிறது.

உடனே ஓடிப்போய், துறையில் எல்லாரும் எடுக்கும் இடத்தில் நான் போட்டுவைத்த பொதுக்கோப்பைத் திறந்து மூன்று வரியையும் அழித்தேன். தப்பித்தேன் என்று நாற்காலியில் சாய்ந்தபோது தலைக்கு மேலே குரல் கேட்டது: "சார், நான் உங்க ஃபைல மத்தியானமே என் லேப்டாப்புல எடுத்து வச்சுட்டேன். சனி ஞாயிறு பழகிப் பாக்கலாம்னு."

மத்தியானம். அழிப்பதற்கு முன்பு. பேச வேண்டும் என்று முன்னுரை அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறான்; தலைமை அலுவலகத்து மேடம் வருவதைத்தான் கூட்டத்தில் முதன்முறை கேட்டிருக்கிறாள்.

மார்ச் 22, ஞாயிறு

மூன்று முறை போனை எடுத்தேன். என்னவென்று சொல்வது?

மார்ச் 23, திங்கள்

இன்று முயற்சி செய்தேன்.

"அந்த லேப்டாப்பக் கொஞ்சம் குடுங்க. ஒரு சின்ன எழுத்துப்பிழை இருக்கு."

"எந்த ஸ்லைடு சார்? நானே மாத்திக்கிறேன்."

"இல்ல, நான் பாத்துட்டா நல்லது."

"சார், நான் அதுல நிறைய எழுதி வச்சிருக்கேன்." லேப்டாப்பைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எங்க மூச்சு விடணும், எங்க நிக்கணும்னு... நீங்க பாத்தா எனக்கு வெக்கமா இருக்கும்."

"ஒன்பதாவது..." என்றேன். அவள் காத்திருந்தாள். "ஒன்பதாவதுல ஒரு கமா. விடுங்க, பரவாயில்ல."

கமாவாம். ஐம்பத்துமூன்று வயது. இயற்பியலில் முதுகலை.

மார்ச் 24, செவ்வாய்

சொல்லவில்லை. மதியம் அவள் என்னையே இரண்டு முறை பார்த்தாற்போல் இருந்தது. பார்க்காததுபோல் இருந்தேன். நாளை மாலை மூன்று மணிக்குப் பேச்சு.

மார்ச் 25, புதன், காலை

ஏழரை மணிக்கு எதிர்மேசைப் பெண்ணைப் போனில் கூப்பிட்டேன். மனைவி குளிக்கப் போயிருந்தாள். அந்த இடைவெளிக்காகக் காத்திருந்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"ஒன்பதாவது ஸ்லைட அழிச்சுடுங்க. அதாவது, அதுக்குக் கீழ இருக்கிற குறிப்ப. அது திரையில வந்துடும். அது உங்களுக்கு வச்சது இல்ல."

 திக்குகிறார் என்று நினைத்துக் காத்திருந்தேன். திக்கவில்லை.

"தெரியும் சார். நேத்துத்தான் திரையில போட்டுப் பழகினேன், அப்பவே வந்துச்சு. பின்னாடி அழிக்கிற பட்டன ஒரு தட்டு தட்டினேன். கால் மட்டும் போச்சு, கொம்பு நின்னுச்சு. சேந்து இருந்தா ஒண்ணா போயிருக்கணும். உங்க கம்ப்யூட்டர்ல அது தானா அப்படி வராது. யாரோ வேணும்னு அடிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுது."

"நேத்தே தெரியுமா? ஏன் கேக்கல?"

"நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன். அவருக்கு வச்சதுன்னு படிச்சதுமே புரிஞ்சுது. உங்க கோவம் எனக்குத் தெரியாதா சார், எதிர்ல தான உக்காந்திருக்கேன்." பிறகு குரல் மாறியது. "ஒண்ணு மட்டும் கேக்குறேன். இந்தக் கொம்பு கால் விஷயம் உங்களுக்கு எப்போ தெரியும்?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். போன மாதம் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"அப்பவே."

"எப்பவே?"

"உங்க வகுப்புல வந்த அன்னைக்கே. சரி பண்றது ஒரு வரிதான். எழுதியும் வச்சேன். போடல."

மூச்சு விடுவது கேட்டது. ஒன்று. இரண்டு. தன் குறிப்பில் எழுதிக்கொள்வாரே, அப்படி.

"ரெண்டு வருஷமா ஒவ்வொரு வகுப்புக்கு முன்னாடியும் நான் வெறும் அறையில திரையப் போட்டுப் பாத்துட்டுத்தான் பசங்கள உள்ள விடுறேன் சார்."

வைத்துவிட்டார்.

அதே நாள், மாலை

மூன்றாவது வரிசையில் ஓரத்தில் உட்கார்ந்தேன். முன்னுரை ஐந்து நிமிடம் என்று சொல்லிப் பதினெட்டு நிமிடம் பேசினான். "நாங்க" என்பதை எண்ணிக்கொண்டு வந்தேன், பத்தோடு விட்டுவிட்டேன்.

அவர் எழுந்து முன்னால் போனார். முதல் ஸ்லைடில் ஒருமுறை நின்றார். தண்ணீர் குடித்தார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஓடிற்று. ஏழு. எட்டு. நான் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்பது. சுத்தமாக இருந்தது. தலைப்பு மட்டும்.

ஆனால் அவர் அங்கேயே நின்றார். லேப்டாப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "இது குறிப்புல இல்ல. இதுல ஒரு ஓட்டை இருக்கு, அத உங்களுக்குக் காட்டிடுறேன்" என்றார். எல்லார் முன்னிலும் "சொல்:" என்று இரண்டு முறை அடித்தார், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி. ஒன்று மறைந்தது. இன்னொன்று திரையில் பெரிதாக நின்றது: "திக்கினால் தண்ணீர் குடி." அது வகுப்பில் எப்படி வந்தது, முப்பது பேர் எப்படிப் படித்தார்கள் என்று அவரே சொன்னார். "ஒரு ஆள் தண்ணி எடுத்துட்டு வரவான்னு கேட்டாரு. இன்னைக்கு நானே கொண்டு வந்துட்டேன்." பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். அறை சிரித்தது, அவரோடு சேர்ந்து.

தலைமை அலுவலகத்து அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு நாளா இத யாரும் சரி பண்ணலையா? யாருங்க இத எழுதினது?"

ஏழு வருடமாக நான் காத்திருந்த கேள்வி. இதே அறை, இதே ஆட்கள். எத்தனை முறை குளியலறைக் கண்ணாடி முன் எழுந்து நின்று பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

முன்னுரை கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினான். "அது... எல்லாருமாச் சேந்து பண்ணதுதான் மேடம்."

அப்போதுதான் திரையருகே நின்ற அவர் முதன்முறையாக என் பக்கம் பார்த்தார். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை. கேட்கிற பார்வை. ஐந்து விநாடி இருக்கும்.

நான் எழவில்லை.

"பத்தாவது ஸ்லைடு" என்றார் அவர்.

மார்ச் 27, வெள்ளி

பேச்சுக்கு முன்னால் அவர் தன் கோப்பைப் பொதுவில் ஏற்றியிருக்கிறார். எந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள் என்று பார்க்கிற வசதி அதில் உண்டு. நான் வைத்த வசதிதான். பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

திங்கள் காலை 10.12: முதல் ஸ்லைடில் "எழுதியவர்" என்று புதிதாக ஒரு வரி. அதில் என் பெயர். தலைப்பெழுத்தோடு, "ற" சரியாக. நான் கமா என்று உளறிக்கொண்டு நின்றேனே, அதற்கும் முன்பு. வெட்கமாக இருக்கும் என்று லேப்டாப்பை இழுத்துக்கொண்டது இதையும் மறைக்கத்தானோ?

செவ்வாய் மாலை 6.40: ஒன்பதாவது ஸ்லைடின் மூன்று வரியும் அழிக்கப்பட்டன. என் பெயர் அப்படியே இருந்தது.

புதன் காலை 7.52: பெயர் நீக்கம்.

நான் ஏழரைக்குக் கூப்பிட்டேன். பொறி வைத்ததை அறிந்த பிறகும் அந்தப் பெயர் ஓர் இரவு முழுக்க அங்கே இருந்திருக்கிறது. "அப்பவே" என்ற ஒரு சொல்லுக்குப் பிறகுதான் போயிருக்கிறது.

யாரும் பிடுங்கவில்லை இந்த முறை.

மார்ச் 30, திங்கள்

அவருக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. மாடியில் இடம் கேட்டு வாங்கிக்கொண்டாராம். எதிர்மேசையில் ஒரு காகிதக் கத்தரியும் காலி பாட்டிலும் மட்டும் இருக்கின்றன. படிக்கட்டில் பார்த்தேன். "வணக்கம் சார்" என்றார். முன்பெல்லாம் வணக்கம் சொல்ல மாட்டார். நேரே விஷயத்துக்கு வந்துவிடுவார்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பூட்டு உட்பட.  கடைசியில், "அந்த வரிய இன்னும் போடலையா நீங்க?" என்றாள். அது ஒன்றைத்தான் கேட்டாள்.

ஏப்ரல் 2, வியாழன்

போடப் போகிறேன். இரண்டு வருடப் பழைய கோப்பிலிருந்து அந்த ஒரு வரியை எடுத்துச் சோதித்துப் பார்த்தேன். கொம்பும் காலும் எப்படி வந்தாலும் இப்போது ஒன்றுதான். அதோடு இணையப் பக்கத்தில் போட ஒரு விளக்கம் எழுதினேன். பிழை எதனால், திருத்தம் என்ன என்பது நான்கு வரி. பிறகு இது:

"இந்தப் பிழை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டது. திருத்தமும் அன்றே தயாராக இருந்தது. வெளியிடாமல் வைக்கப்பட்டது. அதனால் ஒரு பயிற்றுநர் ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் காலி அறையில் திரையைச் சோதிக்க வேண்டியிருந்தது."

கடைசியில் "எழுதியவர்" என்று ஒரு பெட்டி. என் பெயரை அடித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். மார்ச் மூன்றாம் தேதி என்ன எழுதினேன் என்று மேலே போய்ப் படித்தேன். முழுப்பெயரோடு, தலைப்பெழுத்து உட்பட.

பெயர் போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஐம்பது நிறுவனத்திலிருந்தும் "நன்றி சார்" என்று வரும். மேலே இருக்கிற வரிகளை யாரும் படிக்க மாட்டார்கள். நானும் அந்த நன்றிகளை எண்ண ஆரம்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா. பயமும் இருக்கிறது, இல்லை என்று எழுதினால் பொய்.

வெறுமையாக விட்டால் அந்த இடத்தில் முன்னுரை தன் பெயரைப் போட்டுக்கொள்வான். போட்டுக்கொள்ளட்டும். வெளியிடாமல் வைத்தது யார் என்ற கேள்வியும் சேர்ந்தே அவனிடம் போகும். இதை எழுதும்போதுகூட ஒரு சின்ன சந்தோஷம் வருகிறது. திருந்திவிட்டேன் என்று எவனும் நினைக்க வேண்டாம்.

பின்னாலிருந்து அழித்தேன், எழுத்து எழுத்தாக. வல்லின "ற" போனது, தலைப்பெழுத்து போனது. பெட்டி காலி.

காலையில் பயிற்றுநர்கள் வகுப்புக்குப் போகும் முன் போட்டுவிட வேண்டும். பெயர் இல்லாமல்.